சென்ட்ரல் பார்க்கில் தீ: ஊரே திட்டிய ஒரு பேய் கேம்

கண் சிமிட்டுவதற்கென்று தனியாக ஒரு பட்டன் வைத்த கேம் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? ஒன்று இருக்கிறது. 2008 ஜூனில் வந்த 'அலோன் இன் தி டார்க்'. ஆரம்பத்தில் யாரோ இரண்டு பேர் நம்மைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாம் யார், எங்கே இருக்கிறோம், எதுவும் தெரியாது. பார்வை மங்கலாக இருக்கிறது. பட்டனை அழுத்தினால் இமை மூடித் திறக்கிறது, கொஞ்சம் தெளிகிறது, மறுபடி மங்குகிறது. முதல் பத்து நிமிடம் இப்படித்தான் போகும். 'அடடா, யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்' என்று தோன்றும். அடுத்த பத்து நிமிடத்தில் கேமை எழுதியவர்களைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றும். இந்தக் கேம் முழுக்கவே இப்படித்தான்: பத்து நிமிடம் கைதட்டல், பத்து நிமிடம் திட்டு.

மோசமான கேம்கள் என்று யூடியூபில் பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். கார் ஓட்டும் காட்சியைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சிரிக்க வேண்டியது நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சோம்பேறித்தனத்தால் மோசமாய்ப் போன கேம் வேறு, அளவுக்கு மீறி முயன்று மோசமாய்ப் போன கேம் வேறு. இது இரண்டாவது வகை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொஞ்சம் பூர்வ கதை. 1992இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ரேனால் என்பவர் முதல் 'அலோன் இன் தி டார்க்'கைச் செய்தார். லூசியானாவில் டெர்செட்டோ என்று ஒரு மாளிகை, அதில் தூக்குப் போட்டுச் செத்த ஒரு ஓவியர், விசாரிக்கப் போகும் எட்வர்ட் கார்ன்பி என்ற துப்பறிவாளர். பின்னணியெல்லாம் கையால் வரைந்த அசையாப் படங்கள், அதற்கு மேல் முப்பரிமாண உருவங்கள், அறைக்கு அறை ஏதோ ஒரு மூலையில் மாட்டிவைத்தது போன்ற கேமரா. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பயமே அங்கேதான். நாலு வருடம் கழித்து, 1996இல், ஜப்பானின் கேப்காம் இதே வித்தையைக் கையில் எடுத்து 'ரெசிடென்ட் ஈவில்' கொண்டுவந்தது. உலகம் அதைத்தான் கொண்டாடியது. 'சர்வைவல் ஹாரர்' என்ற பெயரும் அதோடுதான் பரவியது. வழி போட்டவர் ஒருவர், சுங்கம் வசூலித்தவர் இன்னொருவர். ரேனால் முதல் கேம் முடிந்ததுமே இன்ஃபோகிராம்ஸை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு கேம்களிலும் அவர் கை இல்லை. 2001இல் ஒரு புதுக் கேம் வந்தது, பரவாயில்லை ரகம். 2005இல் ஊவே போல் எடுத்த சினிமா வந்தது. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம்.

ஆக 2008 கேமின் தோளில் பெரிய சுமை இருந்தது. இந்த வகையையே தொடங்கிவைத்த பெயர், பதினாறு வருடம் கழித்துத் தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறது. இன்ஃபோகிராம்ஸ் இதற்குள் அடாரி என்ற பழைய அமெரிக்கப் பெயரை வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, பணக்கஷ்டத்திலும் இருந்தது. வேலையைத் தன் சொந்த ஸ்டூடியோவான லியோன் நகரத்து ஈடன் கேம்ஸிடம் கொடுத்தது. ஈடன் யார் தெரியுமா? 'வி-ராலி' செய்தவர்கள், 2006இல் ஹவாயின் ஓவாஹு தீவையே வளைத்துப்போட்டு 'டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட்' செய்தவர்கள். அதாவது, கார் கேம் மன்னர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை இது. 1938இல் காணாமல் போன கார்ன்பி, வயதே ஏறாமல் இன்றைய நியூயார்க்கில் கண் விழிக்கிறார். நினைவு சுத்தம். கட்டிடத்தில் விரிசல் ஓடுகிறது, விரிசல் ஆட்களை விழுங்குகிறது, விழுங்கியவர்களைப் பேய்களாகத் துப்புகிறது. தப்பித்து ஓடி சென்ட்ரல் பார்க்குக்குள் போய்விடுகிறோம். மீதிக் கேம் பெரும்பாலும் அங்கேதான். லூசிஃபர், ஒரு கல், ஒளியின் பாதை என்று கதை எங்கெங்கோ போகிறது. வசனம் முழுக்க கெட்டவார்த்தை. கதையைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது நெருப்பைப் பற்றி.

இந்தக் கேமில் பேய்கள் துப்பாக்கிக் குண்டுக்குச் சாகாது. விழும், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். சாகவேண்டும் என்றால் எரிய வேண்டும். இந்த ஒரே ஒரு விதியிலிருந்து எல்லாமே கிளை விடுகிறது. ஒரு நாற்காலியை எடுத்து எரிகிற இடத்தில் காட்டினால் அது பற்றிக்கொள்ளும். அதுவே ஆயுதம். மரக்கதவில் பட்டால் கதவு எரியும், கூரைக்கு ஏறும், நாம் நிற்கும் இடத்துக்கும் வரும். மயங்கிக் கிடக்கும் பேயை இழுத்துக்கொண்டு போய் நெருப்பில் போடலாம். தீயணைப்பு உருளை கிடைத்தால் தீயையும் அணைக்கலாம், அதையே சுழற்றிக் கதவையும் உடைக்கலாம். நெருப்பு இங்கே விளக்கு, ஆயுதம், தடை, ஆபத்து எல்லாமே. அறைக்குள் பேய் வந்துவிட்டதே என்று கொளுத்திவிட்டு, பிறகு அந்த அறையிலிருந்து நானே வெளியே வரமுடியாமல் நின்றது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அடுத்தது கோட்டு. மற்ற கேம்களில் பொருள்களைப் பார்க்க ஒரு பட்டனைத் தட்டினால் உலகம் உறைந்துவிடும். பேய் கையைத் தூக்கியபடியே நமக்காகக் காத்திருக்கும், பாவம். இங்கே கார்ன்பி குனிந்து தன் கோட்டை விரிக்கிறார். இடது பக்கம் சில பைகள், வலது பக்கம் சில பைகள், அவ்வளவுதான் இடம். நேரம் நிற்காது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், நாம் உள்ளே பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்போம். பாட்டிலோடு துணியைச் சேர்த்தால் தீக்குண்டு. லைட்டரையும் ஸ்ப்ரேயையும் சேர்த்தால் தீப்பீச்சி. பாட்டிலில் இருபக்கப் பசை டேப்பைச் சுற்றி எறிந்தால் பேயின் மேல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைச் சுட்டால் போதும். எரிபொருளைத் துப்பாக்கிக் குண்டுகளின் மேல் ஊற்றினால் அவை தீக்குண்டுகளாகிவிடும். எரிபொருள் தீர்ந்துவிட்டதா? நிற்கிற காரின் டேங்க்கில் கத்தியால் ஓட்டை போட்டுக் காலிப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். காருக்குள் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு மேலுள்ள மடிப்பில் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் ஒயரைப் பிரித்து முடிச்சுப் போட்டு வண்டியைக் கிளப்பலாம். அடிபட்டால் திரையோரத்தில் சிவப்புக் கோடு குறையாது. குனிந்து உடம்பைப் பார்த்து, காயம் எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே மருந்து ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பெரிய காயம் என்றால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், நேரம் தீர்வதற்குள் பேண்டேஜ் கிடைத்தாக வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து 2013இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வந்தபோது, நேரம் நிற்காமலே பையைத் திறந்து பாட்டிலும் துணியும் சேர்க்கும் காட்சியைப் பார்த்து உலகமே வியந்தது. 2017இல் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' புல்லில் தீ பரவுவதை வைத்து விளையாட விட்டபோது இன்னும் பெரிய வியப்பு. அவர்கள் இதைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த யோசனைகள் நல்ல யோசனைகள்தான், 2008இலேயே லியோனில் யாரோ சிலர் அவற்றைச் செய்து ஓடவும் விட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு நல்ல யோசனை இருந்தும் ஏன் ஊரே திட்டியது?

கைதான் காரணம். அதாவது கண்ட்ரோல். கார்ன்பியைப் பின்னாலிருந்து பார்த்து நடத்தும்போது அவர் ஒரு மாட்டுவண்டி. திரும்ப வேண்டும் என்றால் நின்று, சுற்றி, பிறகு நடக்க வேண்டும். கேமராவை நம் இஷ்டத்துக்குச் சுழற்றவும் முடியாது. 1992இல் இது பொருத்தம். கேமரா மூலையில் கிடந்தது, அதற்கேற்ற நடை. 2005இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' வந்து தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து எல்லோருக்கும் பழக்கிவிட்ட பிறகு, 2008இல் இதைக் கொடுத்தால்? துப்பாக்கி எடுக்க வேண்டுமானால் கண்வழிப் பார்வைக்கு மாற வேண்டும். கையில் கட்டை எடுத்தால் பின்னாலிருந்து பார்க்கும் பார்வைக்கு மாற வேண்டும். கட்டையை வீச பட்டன் கிடையாது, வலது குச்சியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ள வேண்டும். கேட்க அருமையாக இருக்கிறது. பேய் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது செய்து பாருங்கள்! நான் கீபோர்டிலும் மவுஸிலும் முயன்றேன். கார்ன்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கோலாட்டம் ஆடினார்.

அப்புறம் அந்தக் கார். இரண்டாவது அத்தியாயத்தில் 59ஆம் தெருவில் ஒரு கார் துரத்தல். பின்னால் பூமி பிளந்துகொண்டே வருகிறது, இருபக்கமும் கட்டிடங்கள் சரிகின்றன, பின்னணியில் இசை உயிரை எடுக்கிறது. ஓர் இடத்தில் சின்னதாய் இடித்தால் போதும், வேகம் போய்விடும், பிளவு விழுங்கிவிடும், முதலிலிருந்து. எங்கே எப்போது எது விழும் என்பதை மனப்பாடம் செய்தால்தான் தாண்ட முடியும். வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி. வண்டியோ சோப்புத் தரையில் விட்ட தட்டு போல வழுக்குகிறது. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இது கார் கேம் மன்னர்கள் செய்த கார் காட்சி! உலகத்தின் அருமையான கார் கேம்களில் ஒன்றை இரண்டு வருடம் முன்பு செய்தவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? தெரியும். எல்லாவற்றையும் ஒரே கேமில் திணிக்கும்போது, தெரிந்த வேலையைக்கூடச் சரிபார்க்க நேரம் மிஞ்சாது. அவ்வளவுதான் என் ஊகம்.

இது எனக்கு வெறும் வேடிக்கையாகப் படாததற்குக் காரணம் உண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடைசி வருட ப்ராஜெக்ட்டாக ஒரு குட்டிக் கேம் செய்துகொண்டிருக்கிறோம். அதிலும் தீ இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் எரிந்தால் பக்கத்துக் கட்டத்தின் சூட்டைக் கூட்டுவது, எல்லை தாண்டினால் அதுவும் எரிவது. எழுத எளிது, பார்க்க ஆனந்தம். ஆனால் தீ பரவ ஆரம்பித்ததும் கேம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆட்டக்காரர் சாவியைக் கொளுத்திவிட்டால்? கதவுக்கு முன்னால் தீ நின்றுவிட்டால்? ஒவ்வொரு 'விட்டால்'-க்கும் ஒரு வாரம் போகிறது. அந்த வாரங்களெல்லாம் நடை, கேமரா, கதவு திறப்பது போன்ற சாதாரண விஷயங்களுக்கு ஒதுக்கியிருந்த வாரங்கள். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் தீயை எடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் எடுக்கக் கூடாது என்ற கட்சி. ஈடன் ஸ்டூடியோவில் இதே சண்டை இதைவிடப் பெரிதாக நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கேம் எட்டு அத்தியாயங்களாக, டிவி தொடர் மாதிரி. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் 'இதுவரை நடந்தது' என்று முன்கதைச் சுருக்கம் ஓடும். அழகான யோசனை. இதோடு டிவிடி பிளேயர் மாதிரி ஒரு வசதியும் இருந்தது: பிடிக்காத காட்சியைத் தாண்டி அடுத்த காட்சிக்கு, அடுத்த அத்தியாயத்துக்கு, ஏன், கடைசிக்கே போகலாம். யாரும் பாதியில் நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். எல்லாக் கேமிலும் இது வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் பேய் கேமில் பேயைத் தாண்டிப் போக பட்டன் கொடுத்தால் பயம் எங்கே நிற்கும்? சினிமா கொட்டகையில் முகத்தை மூடிக்கொள்ளலாம், ஆனால் படம் ஓடிக்கொண்டுதானே இருக்கும். இதில் படத்தையே ஓட்டிவிடலாம். அந்தக் கார் காட்சியை மட்டும் நினைத்தால், அந்தப் பட்டனைக் கண்டுபிடித்தவருக்கு மாலை போடத் தோன்றுகிறது, அது வேறு :-)

முடிவுக்கு வரும் வழியிலும் ஒரு வம்பு. பார்க் முழுக்கத் தீய வேர்கள் முளைத்திருக்கும். அவற்றைத் தேடித் தேடி எரித்தால்தான் கார்ன்பியின் ஆவிப்பார்வை வளரும், அது வளர்ந்தால்தான் கடைசிப் பகுதிக்குப் போகலாம். முதல் ஐந்து வேர் குஷி. அதற்குப் பிறகு பாட்டிலில் எரிபொருள் பிடி, ஓடு, எரி, மறுபடி எரிபொருள் பிடி. ரேஷன் கடை க்யூவில் நின்ற உணர்வு. அந்த ஆவிப்பார்வை மட்டும் நல்ல கற்பனை: கண்ணை மூடினால்தான் பேயின் உடம்பிலுள்ள விரிசல் தெரியும். பயப்படும்போது கண்ணை மூடு என்று ஒரு கேம் சொல்வதே புதுசு.

விமர்சனங்கள் வந்தன. எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு மெட்டாகிரிட்டிக்கில் 58. ஹைட்ராவிஷன் என்ற வேறு ஸ்டூடியோ செய்த வீ, பிளேஸ்டேஷன் 2 பதிப்புகளின் நிலை இன்னும் மோசம். இதைவிடக் கேவலம் அடாரி நடந்துகொண்ட விதம். கேம் வெளிவருவதற்கு முன்பே ஐரோப்பாவில் சில தளங்கள் குறைந்த மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதின. நார்வே தளம் ஒன்று பத்துக்கு மூன்று கொடுத்தது. நீங்கள் திருட்டுப் பிரதியை வைத்து எழுதியிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள் என்று அடாரி வக்கீலைக் காட்டி மிரட்டியது. தளங்கள் மறுத்தன. விளைவு? கேமைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கும் அது மோசம் என்ற சேதி போய்ச்சேர்ந்தது.

ஈடன் ஆட்கள் மட்டும் விட்டுவிட்டு ஓடவில்லை. அந்த நவம்பரிலேயே பிளேஸ்டேஷன் 3க்கு 'இன்ஃபெர்னோ' என்று திருத்திய பதிப்பு வந்தது. கேமரா சுற்றியது, நடை திருந்தியது, கார் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டது. மதிப்பெண் 69 ஆனது. அதே கதை, அதே நெருப்பு, அதே கோட்டு. மாற்றியது நடையும் கேமராவும் போன்ற சாதாரண சமாச்சாரங்களைத்தான். பதினோரு புள்ளி வித்தியாசம்! அந்த ஐந்து மாதத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடாரியின் கணக்குப் புத்தகத்துக்குத்தான் அந்த ஐந்து மாதம் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

இசையைச் சொல்லாவிட்டால் பாவம். ஒலிவியே டெரிவியே என்ற இளைஞர் அமைத்தது. பல்கேரியக் குரல்களின் மர்மம் என்று உலகப்புகழ் பெற்ற பெண்கள் பாடகர் குழுவைப் பாட வைத்தார். வயலின் கிறீச்சிடும் வழக்கமான பேய் இசை இல்லை. யாரோ ஊர் எல்லையில் ஒப்பாரி வைப்பது போல அந்தக் குரல்கள் எழும்பும். இதே டெரிவியேதான் பிறகு 2019இல் 'எ ப்ளேக் டேல்' கேமுக்கு இசை போட்டவர். கேமை விளையாட முடியாதவர்கள் இசையை மட்டுமாவது கேளுங்கள், ராத்திரி ஹெட்போனில்.

பிறகு நடந்தது சோகக் கதை. 2011இல் ஈடனில் ஆட்குறைப்பு, ஊழியர்கள் வேலைநிறுத்தம் வரை போனார்கள். 2013 ஜனவரியில் அடாரியின் அமெரிக்கக் கிளை திவால் மனு கொடுத்தது. 2015இல் 'இல்யூமினேஷன்' என்று ஒன்றை இதே பெயரில் விட்டார்கள். அதற்கு முன்னால் 2008 கேம் காவியம். 2018இல் டிஎச்கியூ நார்டிக் உரிமையை வாங்கியது, ஸ்வீடனின் பீசஸ் இன்டராக்டிவ் ஸ்டூடியோ மறுபடி டெர்செட்டோவுக்கே போய், டேவிட் ஹார்பரையும் ஜோடி கோமரையும் நடிக்க வைத்து 2024 மார்ச்சில் புதுக் கேம் கொண்டுவந்தது. பழைய மாளிகை, பழைய காலம், பத்திரமான பாதை. தீயெல்லாம் பரவாது. விமர்சனம் கலவை, விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. மூன்றே மாதத்தில், 2024 ஜூனில், அந்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். ஆக, துணிந்து செய்தவர்களுக்கும் அடி, அடக்கி வாசித்தவர்களுக்கும் அடி. எங்கள் ப்ராஜெக்ட் சண்டையில் இதை எந்தக் கட்சிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது என்று இன்னும் புரியவில்லை.

விளையாட ஆசைப்படுகிறவர்களுக்கு: கிடைத்தால் இன்ஃபெர்னோ பதிப்பை எடுங்கள். இல்லையென்றால் பிசி பதிப்பு, கையில் ஒரு கண்ட்ரோலர் கட்டாயம். முதல் அத்தியாயத்தைப் பொறுமையாக, இருட்டில், முழுசாக ஆடுங்கள். கார் காட்சியில் மூன்று தடவை செத்தால் கூச்சப்படாமல் தாண்டிப் போங்கள். பார்க்குக்குள் நுழைந்ததும் கதையை மறந்துவிட்டு ஒரு பாட்டில், ஒரு டேப், ஒரு லைட்டர் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா சுற்றுங்கள். பாட்டிலை எறிந்து அது காற்றில் இருக்கும்போதே சுட்டுப் பாருங்கள். பேய் எரிந்துகொண்டே நம் பக்கம் ஓடிவரும், காலுக்குக் கீழே தீ பிடிக்கும். அப்போது அவசரப்பட்டு காருக்குள் ஏறாதீர்கள், டேங்க்கில் ஓட்டை போட்டது நீங்கள்தான்.